தஸ்லீம் கட்டிய சிவப்பு நூல்

யாரும் எதிர்பார்க்காமல் தஸ்லீம் வென்று எடுத்தவற்றை முதலில் சொல்லிவிடலாம். ஒன்பது தடவை நடையாக நடந்து, தன் பேரில் தனியாக ஒரு ரேஷன் கார்டு. இடது காது கேட்காது என்று மூன்று கம்பெனிகள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவதில் வேலை. அந்தக் கம்பெனியில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த முப்பது பெண்களுக்கும் உட்கார ஸ்டூல். ஜமாஅத்தில் ஆண்களுக்கு நடுவே தானே எழுந்து நின்று கேட்டு வாங்கிய மணவிலக்கு. முப்பத்தெட்டாவது வயதில், கம்பெனி ஆண்டு விழாவில், வாயில் கரண்டியும் கரண்டியில் எலுமிச்சம்பழமுமாக ஓடி வாங்கிய ஒரு சுவர்க் கடிகாரம். இருபது வயதுப் பெண்களெல்லாம் பின்னால்தான் வந்தார்கள். அந்தக் கடிகாரம் உப்பளம் பகுதியில் அண்ணன் ஷஹாபுதீன் வீட்டுக் கூடத்தில் இன்னும் ஓடுகிறது. நாளுக்கு இரண்டு நிமிடம் பிந்தும். அண்ணன் தினமும் காலையில் அதைத் திருத்தி வைப்பார்.

இந்தப் பட்டியலில் இன்னும் ஒன்று பாக்கி. அது கடைசியில் வரும்.

தஸ்லீமுக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. அம்மை இறங்கியபோது இடது காதில் சீழ் வைத்து, கேட்கும் சக்தி போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். கேள்வி கேட்டால் பேசாமல் இருந்தாள் என்று மந்தம் என்றார்கள். இரண்டாம் வகுப்போடு அத்தா அவளை நிறுத்திவிட்டார். அண்ணன் எட்டாவது வரை படித்துவிட்டு, பெரிய மார்க்கெட்டில் அத்தாவின் நூல் கடையில் உட்கார்ந்தார். பூ கட்டும் நூல், வாழை நார், சாக்குத் தைக்கும் சணல் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். தஸ்லீம் வீட்டிலிருந்து நூல்கண்டு சுற்றிக் கொடுத்தாள். நிறம் பிரிப்பதில் அவளை யாராலும் ஏமாற்ற முடியாது.

கேட்காத காது ஒரு விதத்தில் வசதியாகவும் இருந்தது. வேண்டாத பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டிவிடுவாள்.

ஆனால் ஒரு முறை வலது காதைக் கொடுத்தே ஏமாந்தாள். கல்யாணமான நான்காம் வருடம் புருஷன் ஒரு தாளைக் கொண்டுவந்து, ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற மனு என்று உரக்கப் படித்துக் காட்டினான். பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதில் எழுதியிருந்தது வேறு என்று. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் பிறந்த வீட்டுக்குப் போகிறேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்.' அந்த விரல் அடையாளத்தைத் தாண்டி வர அவளுக்கு ஆறு வருடம் பிடித்தது. ரேஷன் கார்டும் குலா என்ற அந்த மணவிலக்கும் அந்த ஆறு வருடத்தில் வந்தவைதாம். அதற்குப் பிறகு எந்தத் தாளானாலும் அண்ணன் படித்துச் சொல்லாமல் அவள் விரலை நீட்டியதில்லை.

கம்பெனி ஊருக்கு மேற்கே தொழிற்பேட்டையில் இருந்தது. தேங்காயை உடைத்து, தோல் சீவி, துருவி, பாக்கெட்டில் அடைத்து, உறைய வைத்து விற்பார்கள். ஹோட்டல், ஹாஸ்டல், அடுக்குமாடி வீடு என்று எல்லா இடத்துக்கும் போகும். முதலாளி ஆதிமூலம். காதைப் பற்றிக் கேட்டுவிட்டு, "கைதானம்மா வேலை செய்யப் போவுது" என்று சேர்த்துக்கொண்டவர் அவர்தான். அந்த நன்றி தஸ்லீமுக்குக் கடைசி வரை இருந்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் வந்தது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

அவள் வேலை வெந்நீர்த் தொட்டியில். துருவுவதற்கு முன்னால் தேங்காய்த் துண்டுகளை எண்பது டிகிரிக்கு மேல் சுடும் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். மற்றவர்கள் முக்கி எடுத்த பிளாஸ்டிக் கிரேட்டுக்கு ஒரு சீட்டு எழுதிச் செருகுவார்கள். தஸ்லீமுக்கு எழுத்து தெரியாது. அண்ணன் கடையில் மிஞ்சிய நூலைக் கொண்டுவந்தாள். முக்காத கிரேட்டின் பிடியில் சிவப்பு. முக்கி எடுத்ததும் அதை அவிழ்த்துவிட்டு வெள்ளை. அந்தத் துண்டு துருவலாகி, பாக்கெட்டாகி, வேறு கிரேட்டுக்கு மாறினாலும் நூலும் கூடவே போய்க் கட்டிக்கொள்ளும். சீட்டு ஈரத்தில் ஊறிக் கிழிந்தது, நூல் கிழியவில்லை. ஆறே மாதத்தில் முப்பது பெண்களும் நூலைப் பார்த்துத்தான் வேலை செய்தார்கள்.

"என்னா இது, கம்பெனியா பூக்கடையா?" என்று சூப்பர்வைசர் கலைவாணன் கிண்டல் செய்தான்.

"பூக்கடன்னா மொதல்ல உன்ன மாலையா கட்டி அனுப்பிடுவோம்" என்றாள் தோல் சீவும் கன்னியம்மாள். அவள் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. தஸ்லீமின் வலது பக்கத்து ஸ்டூல் எப்போதும் அவளுக்குத்தான்.

2024 ஜூலை 11, வியாழக்கிழமை காலை தொட்டியின் ஹீட்டர் காயில் எரிந்துபோனது. தண்ணீர் சுடவில்லை. ஆடி பிறக்க ஆறு நாள். ஆர்டர் குவிந்து கிடந்தது.

"சார், வெறும் பச்சத் தண்ணியா இருக்கு. எப்டி முக்கறது?" என்று தஸ்லீம் கேட்டாள்.

"சும்மா அலசிட்டு அனுப்பு. மைனஸ் பதினெட்டுல போயி ஒக்காரப் போவுது. அந்தக் குளுருல எந்தக் கிருமி பொழைக்கும்?" என்றான் கலைவாணன். சொல்லிக்கொண்டே பதிவேட்டில் எண்பத்திரண்டு டிகிரி, பத்து நிமிடம் என்று எழுதினான். அவன் எழுதியது அவளுக்குத் தெரியாது. கை போன வேகத்தில், அவன் எதையும் பார்த்து எழுதவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

குளிரில் கிருமி சாகும் என்பதை அவளும் நம்பினாள். வீட்டில் மீனை ஐஸில் வைப்பது அதற்குத்தானே என்று நினைத்தாள். ஆனாலும் முக்காத கிரேட்டில் வெள்ளை நூல் கட்டக் கை வரவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் சிவப்பு நூலே கிரேட்டோடு கோல்டு ரூமுக்குள் போனது. அதுவரை அந்த அறைக்குள் சிவப்பு போனதே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஓரம் சரியாக ஒட்டாத பாக்கெட்டுகளை வழக்கம்போலப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். தஸ்லீம் இரண்டு வாங்கிக்கொண்டாள். அண்ணன் மகள் சானியாவுக்குத் தேங்காய்ச் சட்னி என்றால் உயிர். ஆறாம் வகுப்பு படிக்கிற பெண், சட்னியைத் தனியாகக் கிண்ணத்தில் வாங்கிக் குடிப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, அண்ணி பரீதா ஃப்ரீசரில் வைத்திருந்த அந்தப் பாக்கெட்டைப் பிரித்து இட்லிக்குச் சட்னி அரைத்தாள். திங்கட்கிழமை சானியாவுக்குக் காய்ச்சல். செவ்வாய் முழுக்க வயிற்றுப்போக்கு. புதன்கிழமை அண்ணன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினார். ஆஸ்பத்திரியில் அதே வார்டில் ஒரு ஹாஸ்டலிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் ஒன்பது பேர் அதே மாதிரி கிடந்தார்கள். டாக்டர் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். எல்லோர் பட்டியலிலும் சட்னி இருந்தது.

பரீதா, "கடையில ஒண்ணும் வாங்கல டாக்டர். வீட்டு சட்னிதான்" என்றாள். பாக்கெட் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற தஸ்லீமுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அன்றிலிருந்து ஏழு நாள் அந்தச் சொல்லை உள்ளேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை சானியாவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. படுத்தபடி சலிப்பாக இருந்தாள்.

"மாமி, ஒங்க பேரு எத்தன எழுத்து தெரியுமா? நாலே நாலு. எழுதிக் காட்டவா?"

"கையில ஊசி இருக்கு. சும்மா படு."

"வலது கையிலதான ஊசி? எடது கை சும்மாதான கெடக்கு?"

மருந்துச் சீட்டின் பின்பக்கம் இடது கையால் எழுதினாள். த நிமிர்ந்து நின்றது. ஸ் சரிந்தது. லீ முழுக்க மல்லாந்து படுத்துக்கொண்டது. ம் எங்கோ மேலே தனியாகத் தொங்கியது. தஸ்லீம் அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் போகும்போது விரலால் தொடைமேல் அதைப் போட்டுப் பார்த்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது. குழந்தை கொடுத்ததில் ஏதாவது ஒன்றை ஒழுங்காக வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. சால்மோனெல்லா என்ற கிருமி. ஹாஸ்டல் சமையலறையில் கிடைத்த பாக்கெட்டை வைத்து, திங்கட்கிழமை உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கம்பெனிக்கு வந்து, பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு, கோல்டு ரூம் கதவில் அரக்கு வைத்துப் போனார்கள். மறுநாள் செவ்வாய்க்கிழமை, வேலை இல்லாவிட்டாலும் எல்லோரும் வர வேண்டும் என்று கம்பெனி பஸ் வந்தது. பெண்கள் இறங்கியதும் கேட்டைச் சாத்தினார்கள்.

தஸ்லீமை மட்டும் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு தாள், திறந்த ஸ்டாம்ப் பேடு. ஆதிமூலம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரே இழுத்துப் போட்டது அவளுக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா தஸ்லீம். ஒரு சின்ன வாக்குமூலம். நீ ஒரு வெரல் வெச்சா முப்பது வீட்ல அடுப்பு எரியும். ரெண்டு மாசம் வீட்ல இரு. அப்பறம் நானே ஆள அனுப்பி கூட்டியாரேன்."

"என்னா எழுதியிருக்கு முதலாளி?"

கலைவாணன் தாளை எடுத்து அவள் வலது காதருகே வந்து படித்தான். பதினொன்றாம் தேதி முதல் மூன்று நாள் தொட்டி சரியாகச் சுடவில்லை, அதை நான் பார்த்தேன், அவ்வளவுதான் என்றான். அவன் குரலின் நிதானம் அவளுக்குப் பழக்கமான நிதானம். பதினெட்டு வருடத்துக்கு முன் விலாசம் மாற்ற மனு என்று படித்த குரல்.

"எங்கண்ணன் பாக்கட்டும். எடுத்துட்டுப் போயி நாளைக்கி கொண்டாரேன்."

"இது வெளிய போவக் கூடாதும்மா."

"அப்ப கன்னியம்மாக்காவ கூப்புடுங்க. அது அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கு."

கன்னியம்மாள் வந்தாள். முன்பே அவளிடம் பேசி வைத்திருந்தார்கள் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஒரு நாளும் இல்லாத அமைதி. தாளில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். தஸ்லீம் கேட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம். விரல் மூன்று வரி கீழே இறங்கியது. வாய் ஒரு வரிதான் சொன்னது.

"அக்கா, நடுவுல ரெண்டு வரிய தாண்டிட்டீங்க."

கன்னியம்மாள் தாளை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போட்டுடேன் தஸ்லீமு. எம் பொண்ணுக்கு பத்து நாள்ல வளைகாப்பு வெச்சிருக்கேன். எனக்கு வேற எவன் வேல தருவான்?"

"அந்த ரெண்டு வரி என்னாக்கா?"

"நீ சுவிட்சு போட மறந்துட்டியாம். உன் கவனக்கொறவாம். யாருகிட்டயும் சொல்லலியாம்." சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

ஆதிமூலம் நாற்காலியில் சாய்ந்தார். குரல் மாறவில்லை. "அந்த சனிக்கெழம ரெண்டு பாக்கெட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போன இல்ல? யாரு குடுத்தா? எழுத்து இருக்கா? திருட்டுன்னு நான் ஒரு கம்ப்ளெய்ண்டு குடுத்தா, செவப்புத் தொப்பி போலீசு உங்கண்ணன் வாசல்ல வந்து நிக்கும். அந்தப் புள்ள எதனால படுத்திருக்குன்னு அப்பத்தான் அவருக்கும் தெரியும்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. விரல் வைத்தால் மூன்று நாள் குற்றமும் அவள் தலையில். வைக்காவிட்டால் திருட்டு. உண்மையைச் சொன்னாலோ, முக்காத தேங்காய் என்று தெரிந்தே நூல் கட்டி அனுப்பியவளும் அவள்தான். அந்தப் பாக்கெட்டைக் குழந்தையிடம் கொண்டுபோனவளும் அவள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிச்சு அவள் கழுத்தில்தான் இறுகியது.

தஸ்லீம் முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினாள். மடியில் கையைக் கோத்து, பெருவிரல் இரண்டையும் உள்ளே மடித்து வைத்துக்கொண்டாள். காலை பத்தரையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். மின்விசிறியை நிறுத்தினார்கள். பாத்ரூம் போக வேண்டும் என்றாள். முதலில் விரல் என்றார்கள். அடக்கிக்கொண்டாள். மத்தியானச் சோறு டப்பாவிலேயே ஊசிப்போனது. மூன்று மணி வாக்கில் கலைவாணன் மட்டும் வந்து குனிந்து, "கோல்டு ரூமத் தொறந்தா அந்த நூலெல்லாம் என்னான்னு கேப்பாங்க. சும்மா அழகுக்குன்னு சொல்லிடு, என்ன?" என்றான். அதுவரை அவளுக்கு அந்த நூல் நினைவே இல்லை. அரக்கு வைத்த கதவுக்குப் பின்னால் சிவப்பு நூல் அவிழாமல் இருக்கிறது என்று அவனே சொல்லித்தான் தெரிந்தது.

ஐந்தரைக்கு மற்ற பெண்களை அனுப்ப கேட்டைத் திறந்தாக வேண்டியிருந்தது. "நாளைக்கி பத்து மணி. இல்லேன்னா ஸ்டேஷன்" என்றார் ஆதிமூலம். பஸ்ஸில் அவள் வலது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கன்னியம்மாள் பின்னால் போய் உட்கார்ந்திருந்தாள்.

அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சானியா உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணனையும் அண்ணியையும் வராந்தாவுக்கு அழைத்து, தொட்டியிலிருந்து பாக்கெட் வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

பரீதா அவளைக் கண்கொட்டாமல் பார்த்தாள். "ஏழு நாளா பக்கத்துலயே நின்னுகிட்டு இருந்தியேடி. டாக்டரு கேட்டப்பவே சொல்லியிருந்தா ஒரு நாள் முன்னாடியே என்னா கிருமின்னு தெரிஞ்சிருக்கும்ல? எம் புள்ளைக்கி ஊசி குத்தாத எடமே இல்ல."

"பொழைக்காதுன்னு நெனச்சேன் அண்ணி. குளுருல அது பொழைக்காதுன்னு..."

"எம் புள்ள பொழைச்சது அல்லா புண்ணியம்" என்று சொல்லிவிட்டுப் பரீதா உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அண்ணன் கடையைத் திறக்காமல், சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். தஸ்லீம் செருப்பை மாட்டியதும் முன்னால் நடந்தார். கம்பெனி பஸ் நிற்கும் பக்கம் திரும்பாமல், உணவுப் பாதுகாப்பு ஆபீஸுக்குப் போகும் வழியில் திரும்பினார்.

அதிகாரி ஒரு பெண். தஸ்லீம் எந்தக் காதில் கேட்பாள் என்று முதலிலேயே விசாரித்து, நாற்காலியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குளிர்ல கிருமி சாவாதும்மா. தூங்கிகிட்டு இருக்கும். வெளிய எடுத்தா முழிச்சிக்கும்" என்றார். தஸ்லீம் அதற்குத்தான் அழுதாள். அதுவரை அழவில்லை.

"இத நீங்க சொன்னா உங்க பேரும் கேஸ்ல வரும். தெரியுமில்ல? சாட்சியா வெப்பாங்களா, வேற மாதிரியான்னு இப்பவே நான் உத்தரவாதம் குடுக்க முடியாது."

"தெரியும் மேடம்."

"வேலயும் போயிடும்."

"எனக்கு மட்டுமா? முப்பது பேருக்கு." அந்தக் கணக்கு அவளுக்கு அதிகாரியைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கோல்டு ரூம் அரக்கை உடைத்தார்கள். ஆதிமூலம் ஓரமாக நின்றார், அவளைப் பார்க்கவில்லை. விற்றது போக மிச்சம் அறுபது கிரேட். தஸ்லீம் உள்ளே போய்ப் பிடி பிடியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை. மூலையில் சிவப்பு, பதினான்கு. பனி படிந்து நூல் விறைத்திருந்தது, நிறம் மாறவில்லை. பதிவேட்டில் அந்த மூன்று நாளுக்கும் எண்பத்திரண்டு, எண்பத்திரண்டு என்று ஒரே பேனாவில் எழுதியிருந்தது. பதினான்கு கிரேட்டிலும் வெள்ளையிலிருந்து சிலவற்றிலும் பாக்கெட் எடுத்துச் சீல் வைத்தார்கள். பின்னால் வந்த முடிவில் கிருமி இருந்தது சிவப்பில் மட்டும்தான்.

அந்த முடிவு வருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். கன்னியம்மாள் மகளின் வளைகாப்பு வீட்டோடு நடந்தது. தஸ்லீமுக்குச் சொல்லி அனுப்பவில்லை. இப்போதும் மார்க்கெட்டில் எதிரே வந்தால் கன்னியம்மாள் அவளுடைய இடது பக்கமாகத்தான் கடந்து போகிறாள். விசாரணைக்கு இதுவரை நான்கு தடவை கூப்பிட்டாயிற்று, இன்னும் கூப்பிடுவார்கள். பரீதா பேசுகிறாள், சட்னி மட்டும் தேங்காயில் அரைப்பதில்லை.

அரக்கு உடைத்த அன்று, கோல்டு ரூம் வாசலில் ஒரு கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் வைத்துத்தான் அதிகாரி அவள் வாக்குமூலத்தை எழுதினார். எழுதியதை வலது காதில் படித்துக் காட்டினார். பிறகு அண்ணன் ஒரு முறை படித்துச் சொன்னார். தஸ்லீம் இரண்டு முறையும் விரலையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். எந்த வரியும் தாண்டவில்லை. தெரிந்தே முக்காமல் அனுப்பினேன் என்பதும் இருந்தது, வீட்டுக்குக் கொண்டுபோனேன் என்பதும் இருந்தது.

உதவியாளர் ஸ்டாம்ப் பேடைத் திறந்து நீட்டினார்.

"அது வேணாம்" என்றாள் தஸ்லீம். பர்ஸைத் திறந்து நான்காக மடித்த மருந்துச் சீட்டை எடுத்து, தாளுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். அண்ணன் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை மூடி கழற்றிக் கொடுத்தார். குளிரில் அவள் விரல் மரத்திருந்தது. த நிமிர்ந்து நின்றது. ஸ் சரிந்தது. லீ மல்லாந்து படுத்தது. ம் மேலே தனியாகத் தொங்கியது. குழந்தை இடது கையால் போட்டதை அவள் வலது கையால் அப்படியே போட்டாள். எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு எண்ணம். இன்று வரை அவள் கையெழுத்து அதுதான்.

அதிகாரி அதன் கீழே தேதியைப் போட்டார்: 31 ஜூலை 2024, புதன்கிழமை.